வாக்குச்சீட்டில் மூன்று சொல்: கலிபோர்னியாத் தமிழ் வாக்காளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கலிபோர்னியாவில் வாழும் தமிழ் வாக்காளர்களுக்கும், வாக்குரிமை இல்லாவிட்டாலும் பிள்ளைகளை இங்குள்ள அரசுப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோருக்கும் வணக்கம்.

2026 ஜூன் 2 முதற்கட்டத் தேர்தலின் வாக்குச்சீட்டில், கவர்னர் பதவிக்கு வெகு கீழே, பலரும் சலித்துப்போய்ப் பேனாவை மூடிவிடும் இடத்தில் ஒரு பதவி வரும்: மாநிலப் பொதுக்கல்விக் கண்காணிப்பாளர். இது கட்சி சாராத பதவி. பெயருக்குப் பக்கத்தில் கட்சியின் பெயர் இருக்காது. பொதுவாக மூன்று சொல்லுக்குள் வேட்பாளரின் தொழில் மட்டும் இருக்கும். அந்த மூன்று சொல்லுக்கும் சட்டம் உண்டு. செய்யும் தொழிலைச் சொல்லலாம். 'சிறந்த', 'முன்னணி', 'நிபுணர்' என்று தன்னைத் தானே மெச்சிக்கொள்ளக் கூடாது. பெயர்கள் வரும் வரிசை குலுக்கலில் எடுப்பது, அதுவும் தொகுதிக்குத் தொகுதி மாறும். முதலில் நிற்பவர் முதன்மையானவர் என்று எண்ணிவிட வேண்டாம்.

அந்தச் சிறிய இடத்தில் பெரும்பாலும் ஜெயிப்பது 'கல்வியாளர்' போன்ற சொற்கள்தான். அனுபவமுள்ள கல்வித் தலைவர் என்றதும் எத்தனை ஆண்டு என்று கேட்டுவிட்டு நின்றுவிடுகிறோம். அந்த ஆண்டுகள் எந்த நாற்காலியில் கழிந்தன, அங்கே கற்றது இந்த நாற்காலிக்கு எவ்வளவு உதவும் என்று பார்க்க வழி இருக்கிறது. வேண்டிய ஆவணங்கள் எல்லாம் பொதுவெளியில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை எப்படிப் படிப்பது என்று சொல்லவே இந்த மடல். யாருக்கு வாக்களியுங்கள் என்று இதில் எங்கும் சொல்லப்போவதில்லை.

முதலில் பதவி. சட்டப்படி இதற்கு ஆசிரியர் சான்றிதழ்கூடத் தேவையில்லை. 2003 முதல் இந்தப் பதவிக்குத் தேர்வான ஜாக் ஓ'கானல், டாம் டார்லக்சன், டோனி தர்மண்ட் மூவருமே மாநிலச் சட்டமன்றத்திலிருந்து வந்தவர்கள். இரண்டு முறைக்கு மேல் யாரும் இருக்க முடியாது என்பதால் தர்மண்டின் இடம் இப்போது காலியாகிறது. ஒரு பள்ளி மாவட்டத்தை நடத்தும் டிஸ்ட்ரிக்ட் சூப்பரின்டென்டென்டாக இருந்தவர் இந்தத் தேர்தலில் வென்றதற்கு உதாரணம் தேடினால் 1982-க்குப் போக வேண்டும். மரின் கவுண்டியில் ரீட் யூனியன் என்ற சிறிய பள்ளி மாவட்டத்தை நடத்திய பில் ஹோனிக் அந்த ஆண்டு வென்றார். பின்னாளில் கொள்கை முடிவு யாருடையது என்று அவருக்கும் மாநிலக் கல்வி வாரியத்துக்கும் வழக்கு மூண்டது. 1993-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: கொள்கை வகுப்பது வாரியம், அதை நிறைவேற்றுவது கண்காணிப்பாளர்.

மாவட்டத்தை நடத்தி வந்தவர்கள் முதலில் தடுமாறக்கூடிய இடம் இதுதான். மாவட்டத்தில் அவர்களே தலைமை அதிகாரி. பள்ளி முதல்வரை மாற்றலாம், மணி அட்டவணையை மாற்றலாம். சாக்ரமெண்டோவில் 11 பேர் கொண்ட வாரியத்தை நியமிப்பவர் கவர்னர். கண்காணிப்பாளர் அந்த வாரியத்தின் செயலாளரும் நிர்வாக அலுவலரும் ஆவார். ஆனால் அங்கே அவருக்கு வாக்கு கிடையாது. ஏறத்தாழ 1,000 பள்ளி மாவட்டங்கள், 58 கவுண்டிக் கல்வி அலுவலகங்கள், 58 லட்சம் அளவில் மாணவர்கள். இவற்றில் அவர் நேரடியாக நடத்தும் பள்ளிகள் மூன்றே: ஃப்ரீமாண்டிலும் ரிவர்சைடிலும் செவித்திறன் குறைந்தோருக்கான பள்ளிகள், ஃப்ரீமாண்டில் பார்வையற்றோருக்கான பள்ளி. ஃப்ரீமாண்டில் நம்மவர்கள் இத்தனை பேர் இருக்கிறோம், இது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகவே வாக்குறுதிகளை முதலில் சல்லடையில் போடுங்கள். ஆசிரியர் சம்பளத்தை உயர்த்துவேன் என்றால், அது மாவட்டமும் சங்கமும் பேரம் பேசி முடிவு செய்வது. பாடநூலை மாற்றுவேன் என்றால், எட்டாம் வகுப்பு வரையிலான நூல் பட்டியலை ஏற்பது மாநில வாரியம். 9 முதல் 12 வரை உள்ளூர் வாரியம். நிதியை அதிகரிப்பேன் என்றால், அது சட்டமன்றமும் கவர்னரும் பள்ளிகளுக்குக் குறைந்தபட்ச நிதியை உறுதிசெய்யும் 1988-இன் 98-ஆம் முன்மொழிவின் கணக்குக்குள் நின்று செய்ய வேண்டியது. இவற்றை எல்லாம் கழித்த பிறகும் மிச்சம் நிறையவே இருக்கிறது: கல்வித் துறையின் நிர்வாகம், தரவு, புகார் விசாரணை, சிறப்புக் கல்விக் கண்காணிப்பு, மாவட்டங்களுக்கான வழிகாட்டு ஆவணங்கள். பேச்சு அங்கே வரும்போது வேட்பாளர் சரளமாகப் பேசுகிறாரா, பொதுவாக மழுப்புகிறாரா என்று கவனியுங்கள்.

இனி பணம். இதில் கொஞ்சம் நேரம் செலவிடுவது தகும்.

2013 முதல் நடைமுறையில் உள்ள நிதி முறையில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் சராசரி தினசரி வருகையின்படி அடிப்படை மானியம் வரும். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்கும் நிலையில் உள்ளோர், வளர்ப்புப் பராமரிப்பில் உள்ளோர் ஆகியோருக்கு அதன்மேல் 20 சதவீதம் துணை மானியம். ஒரு பிள்ளை மூன்று வகையிலும் வந்தாலும் ஒரு முறைதான் எண்ணப்படும். இப்படிப்பட்ட பிள்ளைகள் 55 சதவீதத்துக்கு மேல் இருந்தால், அந்த மிகைக்கு மட்டும் இன்னொரு 65 சதவீதம். கணக்குக்காக அடிப்படை மானியம் தலைக்கு 10,000 டாலர், தினசரி வருகை 10,000 என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை 10 கோடி டாலர். அத்தகைய பிள்ளைகள் 75 சதவீதம் இருந்தால் துணை மானியம் 1.5 கோடி, 55-க்கு மேலுள்ள 20 சதவீதத்துக்கு 1.3 கோடி, ஆக மொத்தம் 12.8 கோடி. அதே அளவுள்ள, அத்தகைய பிள்ளைகள் 15 சதவீதமே உள்ள மாவட்டத்துக்கு 10.3 கோடிதான். பாலோ ஆல்டோ போன்ற இடங்களில் சொத்து வரியே இந்தக் கணக்கைத் தாண்டிவிடும். மிகுதியை மாவட்டமே வைத்துக்கொள்ளும். வேட்பாளர் இந்த மூன்றில் எந்த வகை மாவட்டத்தை நடத்தினார் என்பது அவர் நடத்திய ஆண்டுகளின் எண்ணிக்கையைவிட நமக்கு அதிகம் சொல்லும்.

மாவட்டத்தின் பெயர் தெரிந்ததும் அதன் இடைக்கால நிதி அறிக்கைகளைத் தேடுங்கள். ஆண்டுக்கு இரண்டு: டிசம்பர் 15-க்குள் ஒன்று, மார்ச் 17-க்குள் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் மாவட்டம் தன்னைத்தானே மூன்றில் ஒரு வகையில் சான்றளிக்க வேண்டும். நடப்பாண்டிலும் அடுத்த இரண்டு ஆண்டிலும் கடன்களைக் கட்டிவிடுவோம் என்பது 'நேர்மறை'. கட்ட முடியாமல் போகலாம் என்பது 'நிபந்தனைக்குட்பட்டது'. முடியாது என்பது 'எதிர்மறை'. வேட்பாளர் பொறுப்பேற்பதற்கு முந்தைய ஆண்டு, அவர் இருந்த ஆண்டுகள், அவர் போன பின் இரண்டு ஆண்டுகள் என்று வரிசையாகப் பாருங்கள். போன பின் வந்த இரண்டு ஆண்டுகளை விட்டுவிடாதீர்கள். ஒருவர் கைதட்டலோடு விடைபெற்று, அடுத்தவர் வந்த ஆறாம் மாதம் சான்று 'நிபந்தனைக்குட்பட்டது' ஆவதும் உண்டு.

அதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு முறை வரும் பணத்தில் ஆண்டுதோறும் தொடரும் செலவை ஏற்றிவிடுவது. கோவிட் காலத்து மத்திய நிவாரணத்தின் கடைசித் தவணைக்குச் செலவை ஒப்பந்தமாக்கும் கெடு 2024 செப்டம்பர் 30. அந்தப் பணத்தில் நிரந்தரப் பணியிடங்களை உருவாக்கிய மாவட்டங்களுக்குக் கெடு முடிந்ததும் ஓட்டை தெரிந்தது. அதே நேரத்தில் மாணவர் எண்ணிக்கையும் குறைந்துவந்தது. நிதி வருகையைப் பொறுத்ததாகையால் வருமானமும் கூடவே இறங்கும். ஆனால் முப்பது பிள்ளைகள் ஐந்து பள்ளிகளில் ஆறு ஆறாகக் குறைந்தால் ஒரு வகுப்பைக்கூட மூட முடியாது. இதை முன்கூட்டியே பார்த்தவர் ஓய்வுபெறுவோரின் இடங்களை நிரப்பாமல் விட்டிருப்பார். பார்க்காதவர் மார்ச் 15-க்குள் தர வேண்டிய ஆட்குறைப்பு முன்னறிவிப்புக் கடிதங்களைக் கத்தையாக அனுப்பியிருப்பார். அந்தக் கடிதங்களின் எண்ணிக்கை வாரியக் கூட்டத் தீர்மானத்தில் பதிவாகியிருக்கும். கையிருப்பையும் பாருங்கள்: 1,001 முதல் 30,000 வரை வருகை உள்ள மாவட்டத்துக்குக் குறைந்தபட்சக் கையிருப்பு மொத்தச் செலவில் 3 சதவீதம். அந்த மூன்றை ஒட்டியே ஆண்டுக்காண்டு நகர்ந்த மாவட்டம் என்றால் கேள்வி கேட்கலாம்.

நிதி முற்றிலும் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓக்லண்ட் இருக்கிறது. 2003-இல் 10 கோடி டாலர் வரை அவசரக் கடனுக்கு ஒப்புதல் தந்து மாவட்டத்தை மாநிலமே எடுத்துக்கொண்டது. உள்ளூர் வாரியத்தின் அதிகாரம் திரும்பி வர 2009 ஆயிற்று. இங்கிள்வுட் 2012-இல் அதே வழியில் போனது. 2018-க்குப் பின் இத்தகைய மீட்பில் கவுண்டிக் கண்காணிப்பாளரின் பங்கு கூடிவிட்டது. எனவே 'நெருக்கடியிலிருந்து மாவட்டத்தைக் காப்பாற்றினேன்' என்ற பேச்சைக் கேட்டால், கவுண்டி அலுவலகம் அப்போது எழுதிய கடிதங்களைக் கேளுங்கள். அவை பொது ஆவணம்.

துணை மானியத்தில் இன்னொரு சந்து இருக்கிறது. ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்காக வந்த பணம் அந்த ஆண்டு செலவாகாவிட்டால், அடுத்த ஆண்டு பொதுப் பணத்தோடு கலந்துவிட முன்பு வழி இருந்தது. மாநிலத் தணிக்கையாளர் 2019 நவம்பரில் கிளோவிஸ், ஓக்லண்ட், சான் டியேகோ மாவட்டங்களை ஆராய்ந்து இதைச் சுட்டிக்காட்டினார். இப்போது மிச்சத்தைக் கணக்கிட்டு அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். 'எல்கேப்' எனப்படும் மூன்றாண்டுத் திட்ட ஆவணத்தில் அந்த மிச்சத்துக்கென்றே ஒரு வரி உண்டு. பல நூறு பக்கம் நீளும் ஆவணங்களும் உண்டு. முழுக்கப் படிக்கத் தேவையில்லை, அந்த வரிக்குப் போங்கள். ஆண்டுதோறும் பெரிய மிச்சம் தொடர்ந்தால், திட்டம் அழகாக எழுதப்பட்டது, ஆள் வைக்கப்படவில்லை என்று பொருள்.

பள்ளிகளின் நிலையை இணையத்தில் காட்டும் மாநில டாஷ்போர்டில் சிவப்பிலிருந்து நீலம் வரை ஐந்து நிறம். நிறம் என்பது தற்போதைய நிலையும் கடந்த ஆண்டிலிருந்து வந்த மாற்றமும் சேர்ந்தது. தாழ்ந்த நிலையில் இருந்தாலும் சற்று ஏறிய பள்ளி, உயர்ந்த நிலையிலிருந்து சற்று இறங்கிய பள்ளியின் நிறத்தையே பெறலாம். நிறத்தை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். 'அனைத்து மாணவர்கள்' வரியை விட்டுவிட்டுக் குழுக்களைப் பாருங்கள். நம் பிள்ளைகள் அங்கே 'ஆசியர்' என்ற ஒரே மூட்டைக்குள் போகிறார்கள். அந்த வரி பெரும்பாலும் நீலமாகவோ பச்சையாகவோ இருப்பதால் தடுமாறும் தமிழ்ப் பிள்ளை அதில் தெரியாது. மாநிலம் முழுக்க 2024-25-இல் மாநிலத் தேர்வின் தரத்தை எட்டியோர் ஆங்கிலத்தில் 48.8 சதவீதம், கணிதத்தில் 37.3 சதவீதம். இதை மனதில் வைத்துக்கொண்டு வேட்பாளரின் மாவட்டம் அவர் காலத்தில் எந்தத் திசையில் நகர்ந்தது என்று ஒப்பிடலாம். வசதியான மாவட்டத்தின் மதிப்பெண் உயரமாக இருப்பதில் அவருடைய சாதனை அதிகம் இல்லை.

ஆங்கிலம் கற்போர் விஷயம் நம் வீட்டோடு தொடர்புடையது. பிள்ளையை முதன்முதலில் பள்ளியில் சேர்க்கும்போது வீட்டுமொழி குறித்து நான்கு கேள்விகள் கொண்ட படிவம் தருவார்கள். முதல் மூன்றில் எதற்காவது ஆங்கிலம் அல்லாத மொழியை எழுதினால், சேர்ந்த 30 நாட்களுக்குள் 'எல்பாக்' எனும் தொடக்கத் தேர்வு உண்டு. கிண்டர்கார்டனுக்கு முந்தைய 'டிகே' வகுப்புக்கு மட்டும் 2024-இல் விலக்குத் தந்துவிட்டார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் ஓர் அறிவுரை விடாமல் சுற்றுகிறது: 'இங்கிலீஷ்னு போட்டுடுங்க, இல்லன்னா ஈஎஸ்எல்ல தள்ளிடுவாங்க.' தவறான அறிவுரை. ஆங்கிலம் நன்றாக வரும் பிள்ளை தொடக்கத் தேர்வில் தேறினால் அத்தோடு முடிந்தது; மறுபடி அந்தத் தேர்வு கிடையாது. வராத பிள்ளைக்குப் பொய் எழுதினால் சட்டப்படி கிடைக்க வேண்டிய ஆங்கிலப் பயிற்சி போய்விடும், மாவட்டத்துக்கு வர வேண்டிய பணமும் போய்விடும்.

சிக்கல் ஆங்கிலம் கற்போர் பட்டியலிலிருந்து வெளியே வருவதில்தான். ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் மே வரை நடக்கும் எல்பாக் தேர்வில் மொத்த நிலை 4 வேண்டும். ஆசிரியர் மதிப்பீடு வேண்டும். பெற்றோரின் கருத்தைக் கேட்க வேண்டும். ஆங்கிலம் நன்கு வரும் சம வயதுப் பிள்ளைகளோடு அடிப்படைத் திறன் ஒப்பீடு வேண்டும். இந்த நான்கில் மாநிலம் முழுக்க ஒரே அளவுகோல் உள்ளது முதலாவதற்கு மட்டுமே. மற்றவற்றை மாவட்டம் தன் விருப்பப்படி இறுக்கலாம், தளர்த்தலாம். ஆகவே ஒரு பிள்ளை ஓரிடத்தில் இருந்தால் நான்காம் வகுப்பில் வெளியே வரும். பதினைந்து மைல் தள்ளிப் போனால் ஏழாம் வகுப்பிலும் உள்ளேயே இருக்கும். ஆறு ஆண்டுக்கு மேல் உள்ளேயே இருந்தால் நடுநிலைப் பள்ளியில் ஒரு பாடவேளை ஆங்கிலப் பயிற்சிக்குப் போய்விடும். அந்த வேளையில்தான் இசையோ, ஓவியமோ, இரண்டாம் மொழியோ இருக்கும். வேட்பாளரிடம் கேளுங்கள்: உங்கள் மாவட்டத்தில் நான்காவது அளவுகோல் எந்தத் தேர்வு, எந்த மதிப்பெண்? உண்மையிலேயே நடத்தியவருக்கு இது நாக்கு நுனியில் இருக்கும். 'ஒவ்வொரு குழந்தையும் மலர வேண்டும்' என்று பதில் வந்தால் நமக்கும் விடை கிடைத்துவிட்டது.

தமிழில் பள்ளி அறிவிப்பு வராததற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு பள்ளியின் மாணவர்களில் 15 சதவீதமோ அதற்கு மேலோ ஒரே தாய்மொழி பேசினால் அறிவிப்புகளை அம்மொழியிலும் அனுப்ப வேண்டும் என்கிறது கல்விச் சட்டம். தமிழ் அந்த வரம்பைத் தொடுவது அரிது. உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழில் பதியும் இருமொழித் தேர்ச்சி முத்திரையிலும் அப்படித்தான். தமிழுக்குக் கல்லூரி நிலை 'ஏபி' தேர்வு கிடையாது. மாவட்டம் ஒப்புக்கொள்ளும் வேறு தேர்வையோ சான்றையோ நம்பியிருக்க வேண்டும். எவற்றையெல்லாம் ஏற்கலாம் என்று துறையே தெளிவான பட்டியல் தந்தால் மாவட்ட அலுவலரின் தயக்கம் பாதி குறையும். இதைச் செய்வீர்களா என்று கேட்கலாம்.

சிறப்புக் கல்வியில்தான் கண்காணிப்பாளரின் கை நேரடியாகப் படும். மதிப்பீடு வேண்டும் என்று பெற்றோர் எழுத்தில் கேட்டால், பள்ளி 15 நாட்களுக்குள் மதிப்பீட்டுத் திட்டம் தர வேண்டும். ஒப்புதல் தர உங்களுக்குக் குறைந்தது 15 நாள். கையெழுத்திட்டபின் 60 நாட்களுக்குள் மதிப்பீடு முடிந்து, பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டத்தைப் பேசும் 'ஐஇபி' கூட்டம் நடக்க வேண்டும். ஐந்து பள்ளி நாட்களுக்கு மேற்பட்ட விடுமுறை இதில் சேராது. எனவே மே கடைசியில் எழுதினால் கோடை முழுக்கக் கடிகாரம் நின்றுவிடும். 'முதலில் மாணவர் உதவிக் குழுவில் பேசுவோம்' என்று சொல்லி இழுப்பது வழக்கம். குழு கூடலாம், தவறில்லை. ஆனால் எழுதிக் கேட்ட நாளிலிருந்து ஓடும் 15 நாளை அது நிறுத்தாது. பிள்ளையின் தாய்மொழியில் மதிப்பிட வேண்டும், வாய்ப்பே இல்லாதபோதுதான் விலக்கு. தமிழ் தெரிந்த மதிப்பீட்டாளர் கிடைப்பது கடினம் என்பதால் பேச்சுத் தாமதம் மொழித் தாமதமாகவும், மொழி வேறுபாடு குறைபாடாகவும் தவறாக எழுதப்படுவதைத் தடுக்க நீங்களே எழுத்தில் வலியுறுத்த வேண்டும்.

கெடு மீறப்பட்டால் ஓராண்டுக்குள் மாநிலத் துறைக்குப் புகார் அனுப்பலாம். 60 நாட்களுக்குள் விசாரணை அறிக்கை வர வேண்டும். தவறு உறுதியானால் ஈடுசெய்யும் சேவைக்கு உத்தரவிடலாம். இந்த அறிக்கைகளைத் தருவது கண்காணிப்பாளரின் துறை. ஆகவே கேள்வி இரண்டு: நீங்கள் நடத்திய மாவட்டத்தின் மீது எத்தனை புகார்கள் உறுதியாயின? துறைக்கு வந்தபின், உத்தரவு நிறைவேறியதா என்று மறுபடி போய்ப் பார்க்க என்ன ஏற்பாடு செய்வீர்கள்? இரண்டாவதைக் கேட்காமல் விட வேண்டாம். உத்தரவு வந்தும் சேவை வராத குடும்பங்களுக்கு அதன் அருமை தெரியும்.

வருகை பற்றி ஒரு வார்த்தை, இது நமக்கும் சேர்த்து. 180 நாளில் 10 சதவீதம், அதாவது 18 நாள் வராவிட்டால் 'நாள்பட்ட வராமை'. காரணம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் கணக்கு ஒன்றே. ஊருக்குப் போகும் மூன்று வாரம் 15 பள்ளி நாள், குளிர்காலக் காய்ச்சல் மூன்று நாள், 18 வந்துவிட்டது. 1990-களின் கடைசி முதல் மருத்துவச் சீட்டோடு விடுப்பு எடுத்தாலும் அந்த நாளுக்கு மாவட்டத்துக்குப் பணம் கிடையாது. பயணத்துக்கு முன்பே குறுகிய காலத் தனிக்கல்வி ஒப்பந்தம் கேட்டு, தரும் பாடங்களை முடித்துக் கொடுத்தால் அந்த நாட்கள் வருகையாகும். மாநில அளவில் 2021-22-இல் 30 சதவீதமாக இருந்த நாள்பட்ட வராமை பின்னர் குறைந்தாலும் கோவிட்டுக்கு முந்தைய 12 சதவீதத்துக்குத் திரும்பவில்லை. வேட்பாளரின் மாவட்டம் எதைச் செய்து குறைத்தது என்று கேளுங்கள். தானியங்கித் தொலைபேசி அழைப்பு என்றால் அது எல்லோரும் செய்தது.

பிரசாரப் பணத்தையும் ஒரு பார்வை பாருங்கள். 2018-இல் இந்த ஒரு பதவிக்கு இரு தரப்பும் சேர்ந்து 5 கோடி டாலருக்கு மேல் செலவழித்தன. ஒரு பக்கம் சார்ட்டர் பள்ளி ஆதரவாளர்கள், மறுபக்கம் ஆசிரியர் சங்கங்கள். வெளிக்குழுக்கள் அனுப்பும் அட்டைகளின் அடியில் முதல் மூன்று பெரும் நன்கொடையாளர் பெயர் சிறு எழுத்தில் இருக்கும். முன்பக்கத்துப் படத்தைவிட அது பயனுள்ளது.

வாக்குச்சீட்டு மே முதல் வாரத்தில் தபாலில் கிளம்பும். பெயர்ப் பதிவுக்கு வழக்கமான கடைசி நாள் மே 18. ஜூன் 2-இல் யாருக்காவது பாதிக்கு மேல் கிடைத்தால் பதவி அன்றே முடிவாகிவிடும்; இல்லையென்றால் முதல் இருவர் நவம்பர் 3-இல் மோதுவார்கள். உறையில் போடும் கையெழுத்து ஓட்டுநர் உரிமத்தில் உள்ளதுபோல் இருக்கட்டும். தமிழில் பழகிய கையெழுத்தை ஒரு முறையும் ஆங்கிலத்தில் சுருக்கியதை மறுமுறையும் போட்டால் பொருந்தவில்லை என்று நிறுத்திவைக்கக்கூடும். கவுண்டியிலிருந்து கடிதம் வந்தால் உடனே சரிசெய்யலாம். கடைசி நாளில் தபாலை நம்பாமல் அதிகாரப்பூர்வப் பெட்டியில் போடுங்கள்.

ஹெச்-1பி, கிரீன் கார்டு என்று இருப்பவர்களுக்கு இந்த வாக்கு இல்லை. ஆனால் ஆங்கிலம் கற்போர் 21 பேர் உள்ள பள்ளியில் அவர்களின் பெற்றோருக்கென ஆலோசனைக் குழு கட்டாயம். 51 பேர் உள்ள மாவட்டத்தில் மாவட்டக் குழு கட்டாயம். குடியுரிமை யாரும் கேட்பதில்லை. ஜூலை 1-க்குள் எல்கேப் நிறைவேற வேண்டும் என்பதால் மே, ஜூன் மாதங்களில் ஒரு கூட்டத்தில் கருத்துக் கேட்டு, வேறொரு கூட்டத்தில்தான் அதை நிறைவேற்ற முடியும். எல்கேப் குறித்து மாவட்ட அளவிலான பெற்றோர் ஆலோசனைக் குழுக்கள் தரும் கருத்துகளுக்கு டிஸ்ட்ரிக்ட் சூப்பரின்டென்டென்ட் எழுத்திலேயே பதில் தர வேண்டும் என்பது சட்டம். இன்று வேட்பாளராக நிற்பவர்களில் மாவட்டம் நடத்தியவர்கள் அப்படிப் பதில்கள் எழுதியிருக்கலாம். அவற்றை வாங்கிப் படியுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி ஆலோசனைக் குழுக்களில் பணியாற்றும் தமிழ்ப் பெற்றோர் சிலர்